கொண்டது விட்ட முதலை

‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூர்க்கன் சங்கதி எனக்குத் தெரியும், நாலைந்து பேரோடு பழகியிருக்கிறேன், அந்தப் பாதி சரிதான். முதலை விஷயத்தில்தான் இடிக்கிறது. 1985 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் வடக்கே ஓர் உவர்நீர் முதலை ஒரு பெண்ணைக் கவ்வி, தண்ணீருக்குள் இழுத்து, மூன்று தடவை உருட்டி, நடுவில் பிடியை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடியும் விட்டது. அவர் தப்பி வந்து அதற்கப்புறம் 23 வருஷம் உயிரோடு இருந்தார். காட்டில் மிருகத்துக்கு முன்னால் போய் நின்ற கதைகள் நிறையப் படித்திருக்கிறேன், என்னுடையதும் ஒன்றிரண்டு உண்டு, ஆனால் இந்தச் சம்பவம் மட்டும் மண்டையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அது ஏன் விட்டது என்ற ஒரு கேள்விதான் காரணம்.

அந்தப் பெண் வால் பிளம்வுட். 1939இல் பிறந்தவர், சூழலியல் தத்துவத்தில் பெரிய பெயர். மனிதன் வேறு, இயற்கை வேறு, மனிதன் மேலே நிற்கிறான், மற்றதெல்லாம் கீழே கிடக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவர். பிளம்வுட் என்பதே ஒரு மரத்தின் பெயர், அவர் வீடு கட்டிக் குடியிருந்த மலையில் வளர்கிற மரம். தனியாகக் காட்டில் நடப்பதும் துடுப்புப் போடுவதும் அவருக்குப் பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிச் சம்பவம் என்றால் ‘விவரம் தெரியாத பட்டணத்து ஆள் போய் மாட்டிக்கொண்டது’ என்று உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும். இது அப்படியில்லை.

இடம் காக்கடு தேசியப் பூங்கா. டார்வின் நகரத்துக்குக் கிழக்கே, கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஓடுகிற ஆற்றுக்கு ஈஸ்ட் அலிகேட்டர் என்று பெயர். அலிகேட்டர் என்பது முதலைக்கு உறவான வேறு இனம், அந்த ஆற்றில் அது ஒன்றுகூடக் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரையோரத்தை அளக்க வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் முதலைகளைப் பார்த்து அலிகேட்டர் என்று நினைத்து வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பிப்ரவரி அங்கே நல்ல மழைக்காலம். ஆறு கரை மீறி, பக்கத்தில் இருக்கிற சதுப்பு, ஏரி, ஓடை எல்லாவற்றோடும் கலந்து ஒரே நீர்ப்பரப்பாகக் கிடக்கும். மழையில்லாத மாதங்களில் ‘இது ஆறு, இது குளம்’ என்று கோடு போட்டுக் காட்ட முடிகிற இடமெல்லாம் அப்போது அப்படி இருக்காது. முதலைக்கும் அது தெரியும், அதற்கு வீடு பெரிதாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோலுக்காகச் சுட்டுச் சுட்டு வடபுலத்தில் உவர்நீர் முதலை சில ஆயிரம்தான் மிச்சம் என்ற நிலை வந்த பிறகு, 1971இல் வேட்டைக்குத் தடை போட்டார்கள். பிளம்வுட் போனது அதற்குப் பதினாலு வருஷம் கழித்து. தடை வந்தபோது குஞ்சாக இருந்ததெல்லாம் வளர்ந்து ஆளாகி, தனக்கென்று ஓர் எல்லை பிடித்துக்கொண்டு, வேட்டைக்காரனைப் பற்றிய பயம் என்பதே இல்லாமல் இருந்த காலம் அது. மனிதர்களுக்கோ முதலை குறைவாக இருந்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘முதலை தோணியைத் தாக்காது’ என்பது அப்போது அங்கே சாதாரணமாகச் சொல்லப்பட்ட பேச்சு. இத்தனைக்கும் சில வருஷம் முன்னால்தான் ஸ்வீட்ஹார்ட் என்று செல்லப் பெயர் வாங்கிய ஐந்து மீட்டர் முதலை ஒன்று ஃபின்னிஸ் ஆற்றில் மீன்பிடிப் படகுகளை வரிசையாக மோதி, மோட்டாரைக் கடித்துக்கொண்டிருந்தது. 1979இல் பிடிக்கப் போனபோது செத்து, இன்றைக்கும் பாடம் செய்யப்பட்டு டார்வின் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. ஆனால் அது ஆள் யாரையும் கடிக்கவில்லை, மோட்டார் சத்தம் இன்னொரு முதலையின் உறுமல் மாதிரி கேட்டிருக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். மோட்டார் இல்லாத தோணிக்குக் கவலையில்லை என்ற முடிவு அங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

சரி, அன்றைக்கு நடந்தது. முந்தின நாள் ஆற்றை ஒட்டிய சதுப்பு ஏரியில் பூங்காவின் சின்ன ஃபைபர் தோணியில் சுற்றிவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருந்தார். நீர்ப்பறவை, அல்லி, அசையாத தண்ணீர். மறுநாள் பழங்குடியினரின் பாறை ஓவியம் இருக்கிற ஓர் இடத்தைத் தேடிக் கிளம்பினார். அந்தச் சதுப்பு ஏரிக்குள்ளேயே இரு, பெரிய ஆற்றுப் பக்கம் மட்டும் போகாதே என்று வனக்காவலர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் காலையிலிருந்து தூறல், அப்புறம் காற்றோடு மழை. கால்வாய் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து போகிறது, ஓவியம் இருக்கிற இடம் அகப்படவில்லை, மத்தியானச் சாப்பாட்டை நனைந்துகொண்டே சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று போனதில் கடைசியில் போகாதே என்று சொன்ன அந்தப் பெரிய ஆற்றோரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார். அங்கே ஒரு பாறை, சின்னக் கல்லின் மேல் பெரிய கல் ஒன்று தள்ளாடி நிற்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் காரணமே இல்லாமல் மனசு கலங்கி, போதும், திரும்பிவிடலாம் என்று தோணியைத் திருப்பியதாகப் பிறகு எழுதியிருக்கிறார். காட்டில் திரிகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கணத்தைச் சொல்வார்கள். உள்ளுணர்வு என்று பெரிதுபடுத்த எனக்கு விருப்பமில்லை; காது கேட்டதும் கண் பார்த்ததும் புத்திக்கு வந்து சேர நேரமாகும், அதற்குள் வயிறு முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

திரும்பிய சில நிமிஷத்தில், ஒரு வளைவு தாண்டினதும், முன்னால் ஒரு கட்டை மிதக்கிறது. வரும்போது இதைப் பார்த்த ஞாபகம் இல்லையே என்று நினைக்கும்போதே கட்டைக்குக் கண் முளைத்தது.

இதை நான் நம்புவதற்குக் காரணம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறதே, 1976இல் தொடங்கியது, அதேதான். அங்கே ஓர் உவர்நீர் முதலையின் அடைப்புக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். பாசிபடிந்த தண்ணீர், நடுவில் மூக்கு நுனி ஒரு மேடு, அரை மீட்டர் தள்ளிக் கண் இரண்டு மேடு, நடு மண்டையில் ஒரு வேப்பிலை காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பையன் ‘அப்பா, இது பொம்மையா?’ என்று கேட்டான், அப்பாவும் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் ஒரு மேட்டின் மேல் மெல்லிய தோல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கி மூடித் திறந்தது. அந்த மேட்டை நான் அதுவரைக்கும் கண் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் அது திறந்தபோது ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன், நடுவில் சுவரும் கம்பியும் இருந்தும்.

பிளம்வுட்டுக்கு நடுவில் இருந்தது ஒரு ஃபைபர் தகடு. முதலில் அவருக்குப் பயமே வரவில்லை, ஒதுங்கிப் போய்விடலாம் என்று துடுப்பைப் போட்டார். ஆனால் எப்படி விலகினாலும் முதலையும் தோணியும் ஒரே புள்ளிக்கு வந்துகொண்டிருந்தன. முதல் மோதலில் தோணி அதிர்ந்தது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. கரை செங்குத்தான சேறு, ஏறிப் போக வழியில்லை. ஓர் இடத்தில் மட்டும் மரம் ஒன்றின் கிளை தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்திருந்தது. அதைக் குறிவைத்துத் தோணியைச் செலுத்தி, எழுந்து நின்று தாவத் தயாரானபோது முதலை பக்கத்திலேயே வந்து நின்று அவரை நேராகப் பார்த்தது. பொன்னிறக் கண். கையை ஆட்டி, போ போ என்று கத்திப் பார்த்தார். பிறகு தாவினார். கிளைக்குப் போய்ச் சேர்வதற்குள், அந்தரத்திலேயே, தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி வந்து இரண்டு தொடைக்கு நடுவில் கவ்விக்கொண்டது.

இந்தத் தாவல்தான் அவர் செய்த தப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. பெரிய முதலை வாலை ஒரு தடவை அடித்தால் உடம்பின் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே வந்துவிடும், கரையில் நிற்கிற மானையும் மாட்டையும் அப்படித்தான் பிடிக்கிறது. ஆக நீரோரம் எழுந்து நிற்கிற உருவம் அதற்கு ரொம்பப் பழக்கமான இலக்கு. அது உண்மை. ஆனால் தோணிக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? இன்னும் நாலு மோதலில் கவிழ்ந்திருக்கும், அதுவும் ஆழத்தில். கரையோரம் கவ்வப்பட்டதால்தான் அவர் பிழைத்தார் என்பது என் கணக்கு. தப்பு எங்கேயென்று தேடினால் அதற்கு ரெண்டு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். மழை வலுத்து வழி குழம்பியபோதும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று போனாரே, அங்கே.

கவ்வின முதலை உருட்ட ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் டெத் ரோல் என்று பயங்கரமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், நான் உருட்டல் என்றே எழுதுகிறேன். முதலையின் பல் கூம்பு மாதிரி, பிடிக்கலாம், குத்தலாம், வெட்டவோ மெல்லவோ முடியாது. அதனால் இரையை ஒரு முனையில் கவ்விக்கொண்டு தன் உடம்பையே அச்சாக்கிச் சுற்றும். சதை பிய்ந்து வரும், இல்லாவிட்டால் இரை மூச்சுமுட்டிச் சாகும். பிளம்வுட் அதைக் கொதிக்கிற கறுப்புச் சுழலுக்குள் போன மாதிரி விவரிக்கிறார். மூச்சு தீர்ந்து இனி முடியாது என்கிற கட்டத்தில் உருட்டல் நின்றது, கால் தரையில் பட்டது, தலை தண்ணீருக்கு மேலே வந்தது. கரையோரத்து ஆழம் அவ்வளவுதான்.

முதலை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இருவரும், ஆமாம் இருவரும்தான், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது உருட்டல். அதுவும் முடிந்து மேலே வந்தபோது தண்ணீரில் வளர்ந்திருந்த ஓர் அத்தி மரத்தின் கிளை கைக்கு அகப்பட்டது, இறுக்கிக்கொண்டார். இந்த முறை முதலை பிடியைத் தளர்த்தியது. மரத்தில் ஏறப் பார்த்தபோது இடது தொடையில் மறுபடி கவ்வியது, மூன்றாவது உருட்டல். மேலே வந்தார், பக்கத்தில் அதே அத்திக் கிளை. அதைச் சீண்டினால் சீக்கிரம் முடித்துவிடும் என்று கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவி, கண் என்று நினைத்து இரண்டு இடத்தில் கட்டைவிரலை விட்டு அழுத்தியிருக்கிறார். விரல் வெதுவெதுப்பாக உள்ளே போனது. அது கண் இல்லை, மூக்கோ காதோ ஏதோ ஒரு துவாரம். முதலை அசையக்கூட இல்லை. பயங்கரத்தின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்ட இடம் இது, மன்னிக்கவும்.

மறுபடி கிளையைப் பிடித்துக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் முதலை மறுபடியும் பிடியை விட்டது. இந்தத் தடவை அவர் மரத்தை நம்பவில்லை, சேற்றுக் கரைப் பக்கம் திரும்பினார். பாதி ஏறி வழுக்கி, கிட்டத்தட்டத் தண்ணீர் வரைக்கும் திரும்பி வந்து, அப்புறம்தான் பத்து விரலையும் சேற்றுக்குள் குத்தி இறக்கி, அதையே படியாக்கி, இழுத்து இழுத்து மேலே போனார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஏன் விட்டது?

முதலையின் தாடை மூடுகிற விசை பயங்கரமானது. பெரிய உவர்நீர் முதலைகளின் கடியைக் கருவி வைத்து அளந்து 16,000 நியூட்டனுக்கு மேல் என்று 2012இல் வெளியிட்டார்கள், உயிரோடு இருக்கிற பிராணிகளில் நேரடியாக அளந்ததில் அதுதான் உச்சம். திறக்கிற தசையோ சுத்தச் சோப்ளாங்கி, வாயை மூடிவைத்து ரப்பர் பட்டை போட்டுவிடலாம் என்பார்கள். ஆக, பிடி கையை மீறி நழுவவில்லை, அதுவேதான் விட்டது. கவ்வின இடம் சரியில்லை என்றால் விட்டு வேறு இடத்தில் கவ்வுவது முதலையின் வழக்கம். முதலில் இடுப்புக்குக் கீழே, பிறகு தொடை. அந்த மாற்றுப் பிடிக்கு நடுவில் இருக்கிற ஒரு நொடி இரண்டு நொடிதான் இரைக்குக் கிடைக்கிற வாசல்.

அதோடு இன்னொன்று. முதலை குளிர் ரத்தப் பிராணி. நாள் கணக்கில் அசையாமல் கிடக்க முடியும், வெடித்துக் கிளம்பவும் முடியும், ஆனால் அந்த வேகத்தை நீடிக்க முடியாது. ஆக்சிஜன் இல்லாமலே தசையை இயக்கிக்கொள்கிற ஏற்பாடு அது, சில நிமிஷத்திலேயே லாக்டிக் அமிலம் ஏறி ரத்தம் புளித்துவிடும், ஓய்வு வேண்டும். பிடிபடும்போது ரொம்ப நேரம் போராடிய பெரிய முதலைகள் அப்புறம் இதனாலேயே செத்துப்போனதும் உண்டு. கஜேந்திரன் காலைப் பிடித்த முதலை ஆயிரம் வருஷம் விடவில்லை என்று படித்திருக்கிறோம், அவிநாசியில் விழுங்கின பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடித்தான் திரும்ப வாங்கினார். புராண முதலைக்கு மூச்சு இரைக்காது. இதற்கு இரைத்தது. கரை ஆழமில்லாததால் மூழ்கடிக்க முடியவில்லை, கிளையை இறுக்கிக்கொண்ட பிறகு உருட்டவும் முடியவில்லை, ஒவ்வொரு உருட்டலுக்கும் அதன் கணக்கில் செலவு ஏறிக்கொண்டே போனது. விரலை விட்டுக் குத்தினது வேலை செய்யவில்லை, கிளை செய்தது. என் கணிப்பு இவ்வளவுதான்.

ஏன் பிடித்தது என்பதற்குப் பதில் இவ்வளவு தெளிவாக இல்லை. பசியாக இருக்கலாம். தோணியைத் தன் எல்லைக்குள் வந்த இன்னொரு முதலையாகப் பார்த்திருக்கலாம். பிளம்வுட்டே அந்தச் சாத்தியத்தைச் சொல்லியிருக்கிறார். மழைக்காலம் அவை முட்டையிட்டுக் காவல் காக்கிற பருவமும்கூட. இரைக்காகத் தோணியை இத்தனை தடவை மோத வேண்டியதில்லை என்பதால் நான் எல்லைச் சண்டைப் பக்கம் சாய்கிறேன், ஆனால் தாவினபோது கவ்வியது இரையைக் கவ்வுகிற மாதிரிதான் இருக்கிறது. முதலில் துரத்தலாகத் தொடங்கி நடுவில் வேட்டையாக மாறியிருக்கலாம்.

கரைக்கு வந்ததோடு முடியவில்லை. இடது தொடையில் கொழுப்பும் தசைநாரும் தசையும் வெளியே தொங்கின. துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டு, மழையில், வனக்காவலர் நிலையம் இருக்கிற திசையைக் குத்துமதிப்பாக வைத்து நடந்தார். நடக்க முடியாதபோது தவழ்ந்தார். சதுப்பு ஓரத்துக்கு வந்ததும் அதற்கு மேல் முடியாமல் படுத்துவிட்டார். இருட்டுகிறது, தண்ணீர் ஏறுகிறது, எந்தத் தண்ணீரிலிருந்து தப்பி வந்தாரோ அதே தண்ணீர். காப்பாற்றியது ஒரு விளக்கு, சரியாகச் சொன்னால் எரியாத விளக்கு. அவர் தங்கியிருந்த வண்டிவீட்டில் இருட்டின பிறகும் வெளிச்சம் இல்லை என்பதைக் கவனித்த வனக்காவலர் தேடி வந்தார். சதுப்புக்கு அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டுக் கத்தியிருக்கிறார் பிளம்வுட், குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து டார்வின் மருத்துவமனைக்கு 13 மணி நேரம். தீவிர சிகிச்சையில் ஒரு மாதம், தோல் ஒட்டுச் சிகிச்சை, கால் போகாமல் நின்றது.

காட்டுக்குத் தனியாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் இந்த விளக்குச் சமாச்சாரத்தைத்தான் முதலில் சொல்வேன். கத்தி, விசில், மருந்துப் பெட்டி எல்லாம் அப்புறம். நீ வராவிட்டால் ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். முதலை விஷயத்தில் தனியாக ஒரு குறிப்பு: அங்கே இப்போது நீரோரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில் என்கிறார்கள், உவர்நீர் முதலை இருக்கிற நீரில் தோணியே வேண்டாம் என்கிறார்கள்.

மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே மறுநாள் ஆற்றுக்குப் போய் அகப்படுகிற முதலையைச் சுட்டுவிட வேண்டும் என்று பேச்சு ஓடியிருக்கிறது. எந்த முதலை என்பது முக்கியமில்லை, ஏதோ ஒன்று. கால் பிய்ந்து படுத்திருந்தவர் அதைக் கேட்டு வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்: நான்தான் அதன் இடத்துக்குப் போனேன், அதைக் கொன்று என்ன ஆகப்போகிறது. பத்திரிகைகள் முதலையை ஊதிப் பெரிதாக்கின, ராட்சதன், அபலைப் பெண் என்று எழுதின. அவர் தன் கதையைத் தானே எழுத வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டார். தான் இன்னொரு உயிருக்கு உணவு, வெறும் மாமிசம், என்பது அந்தத் தண்ணீரில்தான் தனக்கு உறைத்தது என்றும், அது அநியாயம் என்று முதலில் மனசு கூச்சல் போட்டதென்றும், அப்புறம்தான் மற்ற உயிர்களும் இப்படித்தானே என்று தோன்றியதென்றும் அதன் சாரம். அவர் முன்பே சைவம், முதலைக்குப் பயந்து மாறியதில்லை.

2008இல் தன் மலையில், தன் வீட்டில், 68 வயதில் இறந்தார். செய்தி வந்ததும் பாம்போ சிலந்தியோ கடித்திருக்கும் என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு தெரிந்தது, பக்கவாதம்.